தொண்டை அடைத்துக்கொண்ட காலை

அன்பான சகோதர சகோதரிகளே, என் பெருமையையும், அதிலிருந்து ஆண்டவர் எங்களைத் தப்புவித்ததையும் மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆமத்தூர். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு வைப்பவர்கள். தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். வேதியியலில் பட்டம் வாங்கினேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை கிடைத்தது. என் தங்கை எஸ்தரும் அங்கேதான், வெடிக்கு மருந்து அடைக்கும் அறையில்.

பக்கத்துக் கம்பெனி ஒன்றில் விபத்து நடந்த நாளிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எஸ்தர் கம்பெனி வேனில் ஏறும்போதெல்லாம் திரும்பி வருவாளா என்று நினைப்பேன். சோறு இறங்காது. தினமும் ஜெபித்தேன். வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்து நானே சத்தமாக ஜெபம் பண்ணுவேன். அழகான வார்த்தைகளெல்லாம் வரும். சமாதானம் மட்டும் வராது. "ஆண்டவரே, வழிகாட்டும்" என்று கேட்பேன். அவர் காட்டுவதற்குள் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவேன்.

மருந்து கலப்பவன் முத்துப்பாண்டி. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், எட்டாவதோடு நின்றுவிட்டான். கலந்த மருந்தில் மீதி இருந்தால் அன்று சாயங்காலமே அழித்துவிட வேண்டும். எங்கள் தொழிலில் அது கண்டிப்பான விதி. போன தீபாவளிச் சீசனில் ஆர்டர் நெருக்கியது. ஒரு சாயங்காலம் மருந்து மீந்தது. காலையில் உதவுமே என்று, மருந்து கலக்கும் அறையிலேயே மூடி வைக்கச் சொன்னேன்.

"மேக்க கருத்துக்கிட்டு வருது பாருலே. அந்த அறை ஒழுகும். ஈரம் பட்டா மருந்து சூடேறிரும். அழிச்சிருவோம்" என்றான் முத்துப்பாண்டி.

"கெமிஸ்ட்ரி படிச்சது நீயா, நானா? எட்டாப்போட நின்னவன் எனக்குப் பாடம் எடுக்காத!"

வேலை செய்யும் பெண்களெல்லாம் கேட்கத் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் மருந்தை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி மழை கொட்டியது. காலையில் எழுந்தால் எனக்குக் குரலே இல்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. கம்பெனியில் வழக்கம்போல எல்லோரும் ஜெபத்துக்கு நின்றார்கள். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கூனிக் குறுகிப் போனேன். வேறு வழியில்லாமல் கண்ணை மூடிச் சும்மா நின்றேன்.

முதலில் மனசு ஓயவில்லை. லோடு, லாரி, முதலாளி, என் மரியாதை என்று ஓடிக்கொண்டே இருந்தது. சொல்ல வாய் இல்லாததால் ஒவ்வொன்றாய் அடங்கியது. அப்போது உள்ளே ஒன்று தெளிவாக வந்தது. முத்துப்பாண்டியிடம் போ.

நான் ஏன் போக வேண்டும், அவன்தான் வரட்டுமே என்று நினைத்தேன். மறுபடியும் அதேதான் வந்தது. அதட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. போ.

கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் அவரவர் அறைக்குப் போயிருந்தார்கள்; அவன் மட்டும் தனியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தான்.

"என்ன போர்மேன் சார், வாய் அடைச்சுப் போச்சா? இன்னைக்காவது எங்க காது பொழைச்சுது."

"மன்னிச்சிருலே" என்றேன், காற்றுக் குரலில். "நேத்து நீ சொன்னதுதான் சரி. கூட வந்து பாரு."

அவன் சிரிப்பு நின்றது. இருவரும் அந்த அறைப் பக்கம் நடந்தோம். ஜன்னலை நெருங்கும்போதே நெடி மூக்கில் ஏறியது. வெக்கை முகத்தில் அடித்தது. கத்தப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கும் சேர்த்து அவன் கத்தினான்.

"எல்லாரும் வெளிய ஓடுங்க! தூக்குவாளியெல்லாம் கெடக்கட்டும், ஓடுங்க!"

எஸ்தர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கம்பிவேலி தாண்டி மூச்சு வாங்கும்போது அந்த அறை வெடித்தது. கூரை பறந்தது. காலடியில் தரை அதிர்ந்தது. புகைக்கு நடுவில் ஒருவர் பெயரை ஒருவர் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லோரும் பதில் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எஸ்தர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "புதுச் செருப்புண்ணே, அங்கனயே விட்டுட்டேன்" என்று அதற்கும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன். சத்தமில்லாமல்தான்.

தவறு என்னுடையது என்று முதலாளியிடமும் விசாரிக்க வந்தவர்களிடமும் சொன்னேன். கம்பெனியைச் சில மாதம் மூடினார்கள். எங்கள் தெருவே வேலையில்லாமல் இருந்தது. அதுவும் என்னால்தான். திரும்பத் திறந்தபோது போர்மேன் வேலை எனக்கு இல்லை. இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். மூன்று வேளையும் பசித்துச் சாப்பிடுகிறேன். அந்தப் பழைய பயம் போய்விட்டது.

பிரியமானவர்களே, ஆண்டவரிடம் எவ்வளவு நேரம் விண்ணப்பம் பண்ணுகிறீர்களோ, அவ்வளவு நேரம் சும்மாவும் இருந்து பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒருவரிடம் அவர் உங்களை அனுப்பலாம். தயங்காமல் போங்கள். தினமும் காலையில் நான் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறக்கும் வரை முத்துப்பாண்டி காத்திருப்பான்.

"என்னலே, இன்னைக்கு உங்க ஆண்டவர் என்ன சொன்னாரு?"

"உன்கிட்ட கேக்கச் சொன்னாருலே."