சிலாவத்துறையில் கடல் எவ்வளவு ஏறும்?

காலை 6.40. மன்னார் பஸ் நிலையத்தடியில் ஓட்டோ பிடித்தேன். சிலாவத்துறை போய்வர மூவாயிரம் ரூபா என்றார் சாரதி சூசை. ஐந்நூறாவது குறைப்பார் என்று பார்த்தேன், அசையவில்லை. என் மட்டக்கருவியையும் அதன் மூன்று காலையும் பார்த்துவிட்டு, "றோட்டுப் போடவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"இல்லை. கடல் எவ்வளவு ஏறுமெண்டு அளக்க."

"அதுக்கேன் இவ்வளவு சாமான்? கரையில நிண்டு பார்த்தால் தெரியும்தானே."

7.15. பாலம் தாண்டி, தள்ளாடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் வங்காலை, அரிப்பு வழியாகத் தெற்கே போகிறது பாதை. பாதி வீதி, பாதி பள்ளம். தென்மேற்கிலிருந்து அடித்த சோழகக் காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. சூசைக்கு என் தொழிலை விளக்கினேன். உலகம் சூடாகிறது. துருவத்துப் பனி உருகிக் கடலில் சேர்கிறது. சூடேறிய கடல்நீரும் பருத்து மேலும் இடம் கேட்கிறது. இரண்டையும் கணினியில் கொடுத்து, எந்தக் கரையில் எவ்வளவு நிலம் போகும் என்று வரைபடம் செய்வது என் வேலை. போகும் நிலம் சிவப்பு, போகுமோ தப்புமோ என்று ஐமிச்சமானது மஞ்சள், தப்பும் நிலம் பச்சை. நானே சொல்லக்கூடாது, ஆனால் அந்த வேலையை நன்றாகவே செய்வேன். "படிச்ச ஆக்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார் சூசை. அவர் குரலில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

8.30. சிலாவத்துறை. போர்க்காலத்தில் ஆயுதக்காரர் துரத்திவிட, இருபது வருடம் புத்தளத்தில் அகதிகளாக இருந்த முஸ்லிம் குடும்பங்கள் திரும்பிவந்து தகரக் கொட்டில்களில் இருக்கிறார்கள். நான் போனது றஹீமா வீட்டுக்கு. கணவர் நிஸாம் மீன்பிடிக்கிறார். வீடு கட்ட அரசாங்க அதிகாரிகள் இரண்டு காணித்துண்டுகள் காட்டி, ஒன்றை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கான உதவி ஒரு தடவைதான் கிடைக்கும். போன மாதம் அதிகாரிகள் கூட்டிய ஊர்க்கூட்டத்தில் தொங்கிய என் வரைபடத்தைப் பார்த்து, பச்சையாக இருந்த கரைப்பக்கத் துண்டையே றஹீமா எடுத்திருக்கிறார். அத்திவாரக் கிடங்கு வெட்டியாயிற்று. மறுநாள் மேசன் வந்து கல் வைக்கப்போகிறார். நான் வந்தது சும்மா ஒரு சரிபார்ப்புக்கு.

"வாங்கோ சேர். உங்கட படத்த நம்பித்தான் வெட்டினது" என்றார், பிளேன்ரீயை நீட்டியபடி. அந்தப் பக்கம் அக்காவை ராத்தா என்பார்கள். "பயப்படாதேங்கோ ராத்தா, கடல் இங்க வராது" என்றேன், மார்தட்டாத குறையாக.

9.15. கடல் பெருகும்போது தண்ணீர் வந்து நிற்கும் பெருக்குக் கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கினேன். நிஸாம் அளவுகோலைப் பிடித்தார். கிடங்குவரை முந்நூறு மீற்றர் இருக்கும். வரைபடத்தில் அந்த இடம் நாலரை மீற்றர் உயரம். கருவி ஒரு மீற்றர்கூடக் காட்டவில்லை.

கருவியில்தான் பிழை என்று நினைத்தேன். திரும்ப அளந்தேன். அதே கணக்கு.

"ராத்தா, நீங்கள் வரேக்க இந்தக் காணி எப்பிடி இருந்தது?"

"காணியா? காடு. உடைமரமும் பாலையும் வீட்டு முகட்டுக்கு மேல நிண்டது. புல்டோசர் வந்துதான் வெளியாக்கினது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் புத்தளத்தில் இருந்த காலத்தில் செய்மதி மேலே பறந்து இந்த நிலத்தின் உயரத்தை எடுத்திருக்கிறது. அது கண்டது மரங்களின் உச்சியை. நானோ அதை நிலம் என்று கணக்கில் எடுத்துவிட்டேன். துருவத்துப் பனி எவ்வளவு உருகும் என்று தெரிந்த எனக்கு, ஆட்கள் விட்டுப்போன ஊரில் காடு வளரும் என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

செய்மதி மரத்தை நிலமாகக் கண்டதையும் மறைக்காமல் சொன்னேன். இந்தத் துண்டு தப்பாது. இனி வரும் கடலுக்கு இது போதாது. பிழை என்னுடையது.

நிஸாம் மண்வெட்டியைப் பார்த்தார். நாலு நாள் வெட்டிய கிடங்கு. றஹீமா கிடங்கின் விளிம்புக்கு வந்தார்.

"மேல இருந்து பார்த்ததுக்கு மரம் தெரிஞ்சிருக்கு சேர். ஆக்கள் இல்லாததும் தெரிஞ்சிருக்கத்தானே வேணும்?"

வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ஒருக்கா எழும்பிப் போனது போதும்" என்றார் றஹீமா. "ஆயுதம் வந்து எழுப்பினது. இனிக் கடல் வந்து எழுப்ப ஏலாது. மற்றத் துண்டையும் அளங்க."

11.00. மற்றது வீதியோரச் செம்மண் மேடு. கல் நிலம், மரம் பிடிக்காத வெட்டை. வரைபடத்தில் மூன்று மீற்றர், மஞ்சள். அதனால்தான் வேண்டாமென்று விட்டிருந்தார்கள். அங்கிருந்து கடலுக்கு முக்கால் மைல். தினமும் படகு இஞ்சினைத் தோளில் சுமந்து நடக்கவேண்டும் என்று நிஸாம் முணுமுணுத்தார். "சைக்கிள் இருக்குதுதானே" என்று றஹீமா வாயை அடைத்தார். அளந்தேன். மூன்று மீற்றரும் சொச்சமும். செய்மதிக் கணக்கு கொஞ்சம் பிசகலாம் என்றுதான் மஞ்சள் போட்டிருந்தேன், கையால் அளந்ததில் அந்த ஐமிச்சம் போய்விட்டது. மரம் இல்லாத இடத்தில் என் கணக்கு துல்லியம்தான். பிழை எங்கே என்று தெரிந்துவிட்டதால் திருத்தவும் முடியும். காடு வெட்டிய காணிகளை எல்லாம் கையால் அளந்தால் போதும். அதுவரை அங்கேயே தங்குவதென்று, காத்துநின்ற சூசையிடம் காசைக் கொடுத்து, ஐந்தாம் நாள் வரச் சொன்னேன்.

"கரையில நிண்டு பார்க்கச் சொன்னனான்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஐந்தாம் நாள் மாலை 4.00. புறப்படும்போது மேட்டுத் துண்டில் புதுக் கிடங்கு வெட்டி முடிந்திருந்தது. றஹீமா ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொண்டுவந்தார். "இங்க கடல் வராதெண்டு எழுதித் தாங்க."

என் தொழிலில் யாரும் அப்படி எழுதுவதில்லை. வரக்கூடும், வராமலும் போகலாம், இத்தனை பாகை சூடேறினால் இவ்வளவு என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். அதைத்தான் அவருக்கும் சொன்னேன். பேனையை அவர் திருப்பி வாங்கவில்லை.

'இந்த நிலம் பெருக்குக் கோட்டிலிருந்து மூன்று மீற்றர் உயரம். நானே அளந்தேன். இங்கே பிறக்கும் பிள்ளைகள் கிழவர்களாகும்வரை கடல் இந்த வாசலுக்கு வராது' என்று எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்தும் போட்டேன். றஹீமா ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு தாளை மடித்து, காணிப் பத்திரத்துக்குள் வைத்தார்.