ஐந்து தடவைக்கு மேல் தட்டினால்

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது, நான் கணினி சர்வர் பார்க்கிறவள். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் ஷர்மினி. மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் வீடு. போன வருடம் சிகாமட் வெள்ளத்தில் எங்கள் கோயில் ஆட்கள் பதினோரு பேர் மீட்பு வேலையில் இறங்கினார்கள். போன் லைன் கிடைக்காத, இணையம் மட்டும் வந்துகொண்டிருந்த நேரம். வீட்டிலிருந்தே இணையத்தில் ஒரு குரல் அரட்டை அறை திறந்து கொடுத்தேன். 'சிக்கிக்கொண்டவர்கள் இந்த லிங்க்கை அழுத்திப் பேசுங்கள்' என்று ஊரெல்லாம் அனுப்பினோம்.

காலை 9:40. எவனோ ஒரு படுபாவி அந்த அறையைத் தாக்க ஆரம்பித்தான். ஆயிரக்கணக்கில் போலி இணைப்புகள் ஒரே நேரத்தில் கதவைத் தட்டின. உண்மையான குரல்கள் துண்டு துண்டாக அறுந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உடனே ஒரு விதி எழுதினேன். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் தட்டினால், அது தாக்குதல். நிரந்தரமாகத் தடு.

9:50. அறை அமைதியானது. என்னை நானே மெச்சிக்கொண்டு மைலோ கலக்கிக் குடித்தேன்.

மதியம் அவன் வேறு வழியில் வந்தான். பொய்யாக உதவி கேட்டு அழும் குரல்கள். அறையை முழுக்கப் பூட்டி, எங்கள் பதினோரு பேரை மட்டும் உள்ளே விட்டேன்.

மதியம் 3:12. பட்டியலில் பன்னிரண்டு பேர்.

பன்னிரண்டாவது பெயர் கஸ்தூரி. பக்கத்தில் முகவரிக் கட்டம் காலி.

"தங்கச்சி... பிள்ளைங்க ரெண்டு பேரு கூரை மேல இருக்காங்க..."

மற்றவர்கள் பேசினால் பின்னால் மழை இரையும். இந்தக் குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. பேசும்போது எரிய வேண்டிய பச்சை விளக்கும் எரியவில்லை.

அவனுடைய இன்னொரு தந்திரமா? எங்கள் பதினோரு பேரில் ஒருவரான ரூபேந்திரன் அண்ணனின் படகில் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் பெட்ரோல் இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பொய்யான இடத்துக்கு அனுப்பினால், உண்மையாகக் காத்திருப்பவர்கள் கதி?

3:13. வெளியேற்றும் பட்டனை அழுத்தினேன். பெயர் போகவில்லை. மறுபடி அழுத்தினேன்... அப்படியே இருந்தது.

நீங்க எங்க இருக்கீங்க என்று கேட்கலாமா என யோசித்தேன். யோசிக்கத்தான் செய்தேன். பேசும் பட்டனைத் தொடவே இல்லை.

"நான் கீழ இருக்கேன்."

பேசும் பட்டனைப் பார்த்தேன்; அணைந்தேதான் இருந்தது.

அங்கே கீழே முழுக்கத் தண்ணீர்.

"ரெண்டாவது லோரோங், அந்தச் சின்னச் சந்து. நீலத் தண்ணித் தொட்டி. சின்னவ நடுங்குறா, தங்கச்சி..."

3:14. "ரூபேந்திரன் அண்ணே! ரெண்டாவது லோரோங் போங்க. நீலத் தொட்டி வீடு."

"யாரு சொன்னது?"

"இப்ப பேசுனாங்களே, கேக்கலையா?"

"ஒன்னும் கேக்கலயே லா. உன் குரல் மட்டும்தான்."

"போங்கண்ணே... நான் பொறுப்பு."

3:15. பட்டியலில் பதினோரு பேர்.

4:25-க்கு அண்ணன் குரல் மறுபடி அறையில் வந்தது. "ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. உசுரோட இருக்குதுங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அவ்வளவுதான்."

"அவங்க அம்மா?"

"காலையிலயே தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சாம். போனும் அவங்க கையிலதான் இருந்திருக்கு. பேரு கஸ்தூரி."

நான் அழுதேன். பிறகு சர்வர் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடினேன். மதியம் எதுவும் இல்லை. காலையில் இருந்தது. 9:51, ஒரே நிமிடத்தில் ஆறு தடவை. தடுக்கப்பட்டது.

மூன்று நாள் கழித்து, பிள்ளைகள் தங்கியிருந்த நிவாரண மையத்துக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். பெரியவளுக்கு ஒன்பது வயது. என்னை யாரென்று தெரியாமலே பேசினாள்.

"அம்மா அந்த லிங்க்க அழுத்தி அழுத்திப் பாத்தாங்க, ஆண்ட்டி. உள்ள விடவே இல்ல. அதான் பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்களான்னு பாக்க இறங்குனாங்க."

உள்ளே விடாதது யார் என்று அந்தப் பிள்ளையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.