பதினொன்றில் ஆறு

அந்த வாரம் நான் துண்டித்த அழைப்புகள் பதினொன்று. எங்கள் வகுப்பில் அதற்கு முன் யாரும் ஏழுக்கு மேல் போனதில்லை.

இரணியல் பக்கத்தில் எங்கள் சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் செல்போன் வகுப்பு நடக்கிறது. படிப்பவர்கள் பதினான்கு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். வெளிநாடுகளில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளையின் பணம். சொல்லிக்கொடுக்கும் பெண்ணின் சம்பளம், ஹால் வாடகை, இன்டர்நெட், இடையில் வரும் சாயா எல்லாம் அதில்தான். ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருடமும் வேண்டுமென்றால் பலன் காட்ட வேண்டும் என்றார்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை யாராவது போனில் ஏமாற்றிவிடுவார்கள் என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் பெரிய பயம். அதனால் பலனை அளக்க ஒரு வழி சொன்னார்கள். கடைசி மாதத்தில் நாங்கள் பதினான்கு பேரும் சேர்ந்து, தெரியாத எண்ணிலிருந்து வருகிற அழைப்புகளைக் குறைந்தது நூறு தடவை துண்டித்திருக்க வேண்டும். முதல் தடவை துண்டிக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் துண்டித்துவிட்டு பிளாக் பண்ண வேண்டும். சனிக்கிழமை போனைக் காட்டினால் அந்தப் பெண் எண்ணிக் குறித்துக்கொள்வாள்.

எனக்கு இது பிடித்துப்போயிற்று. கீரிப்பாறை ரப்பர் தோட்ட அலுவலகத்தில் ரப்பர் பால் வாளிகளை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். எண்ணச் சொன்னால் போதும்.

என் மனைவிக்கும் வகுப்பு உயிர். அருமனையில் இருக்கும் அக்காளோடு முகம் பார்த்துப் பேச அங்கேதான் கற்றுக்கொண்டாள். ஆனால் துண்டிக்க மட்டும் அவளுக்கு வராது. ஒருநாள் யாரோ ஒரு பையன் லோன் வேண்டுமா என்று கேட்டு அழைத்தான். இவள் அவன் எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, மதியம் என்ன சாப்பிட்டான் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் போனைப் பிடுங்கித் துண்டித்தேன். அவள் கணக்கில் அந்த மாதம் முழுக்க ஒன்றே ஒன்று. அதுவும் நான் துண்டித்தது.

கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, அக்காளைப் பார்க்க அருமனைக்குப் போனாள். நாலு மணி பஸ்ஸில் திரும்பியிருக்க வேண்டும். வீட்டு முன்னால் நின்றால் ரோடு தெரியும். அந்த பஸ் போயிற்று. அதற்கடுத்த இரண்டும் போயின. அவள் போனுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. தெரியாத எண். துண்டித்தேன். மறுபடி அடித்தது. துண்டித்து பிளாக் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் வேறொரு எண், இரண்டு தடவை. பிறகு மூன்றாவதாக ஓர் எண், அதுவும் இரண்டு தடவை. இந்த நேரத்திலா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் கூப்பிட்டால் லைன் கிடைக்க வேண்டுமே என்றுதான் அத்தனை அவசரமாகத் துண்டித்தேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு பக்கம் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. அந்த வாரம் ஏற்கெனவே இருந்த ஐந்தோடு ஆறு, பதினொன்று.

இருட்டுகிற சமயத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவரும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் என் மனைவியைத் தாங்கி இறக்கினார்கள். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர்தான் முதலில் பேசினார். “எத்தன தடவ போன்ல விளிச்சேன் சாரே. ஒண்ணு எடுக்கப்படாதா?”

வழியில் பஸ் மாற இறங்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். போன் தெறித்து டயருக்கு அடியில் போய்விட்டது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் எண் ஒன்றுதான். முதலில் அடித்தது அங்கிருந்த சாயாக்கடைக்காரர். இரண்டாவது இந்த டிரைவர். மூன்றாவது ஆஸ்பத்திரியிலிருந்து; வீட்டு ஆள் வரட்டும் என்று அங்கே கட்டுப் போடாமல் காத்திருந்திருக்கிறார்கள். கணுக்கால் எலும்பு முறிந்த வலியோடு அவளும் காத்திருந்திருக்கிறாள்.

அவள் கட்டிலில் சாய்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “நான் செத்துக் கிடந்தாலும் பிளாக்குதான் பண்ணியிருப்பிய.”

வருடக் கடைசிக் கூட்டத்துக்கு அவளையும் நாற்காலியோடு தூக்கி ஹாலுக்குக் கொண்டுபோனோம். அறக்கட்டளைப் பிள்ளைகள் ஐந்து பேர் வீடியோ காலில் சுவரில் தெரிந்தார்கள், அவரவர் நாட்டிலிருந்து. என் பதினொன்றையும் சேர்த்து வகுப்பின் மொத்தக் கணக்கு நூற்று மூன்று என்று அந்தப் பெண் வாசித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடக் கூடுதலாகத் துண்டித்தவன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள்.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஆறைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லும்போதே மீதி எத்தனை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூற்றேழு. சொல்லிக்கொடுக்கும் பெண்ணின் முகம் வெளிறியது. மற்ற பதின்மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

சுவரில் நடுவில் இருந்தவன் கொஞ்சம் யோசித்தான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் கேட்டான்.

“அங்கிள், அது தெரியாத நம்பர்தானே?”

ஆமாம் என்றேன்.

“அப்ப ரூல்படி சரிதான். அது கணக்குல இருக்கட்டும். குறைச்சா பணம் தாற மத்த ஆளுவகிட்ட நான் என்ன சொல்ல?”

என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அவள் அடிபட்டுக் கிடந்து என்னைக் கூப்பிட்ட ஆறு கூப்பாட்டை வைத்து அடுத்த வருட வகுப்புக்குப் பணம் வாங்கப் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை, இவளுக்கு வகுப்பு இல்லை.

அவள்தான் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தாள். “மக்கா, ஆறையும் நீங்களே வெச்சுக்கிடுங்க. கிளாசு நடக்கட்டு. ஆனா அடுத்த வருசம் போன எடுக்கவும் படிச்சுக் குடுங்க. இவியளுக்கு முதல்ல.” கையை என் பக்கம் நீட்டினாள்.

சுவரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாலும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணம் வந்தது. அவர்கள் அனுப்பிய அறிக்கையில் நூற்று மூன்று என்றே இருக்கிறது. அந்தக் கணக்குப்படி என் மனைவி ஆறு தடவை மோசடிக்காரி.

இந்த வருடம் முதல் வகுப்பில், போனை எடுத்து, பேங்க் எண் எதையும் சொல்லாமல், பணப் பேச்சு எடுக்காமல், யார் என்று மட்டும் கேட்கப் பழகினோம். வீட்டு எண் தவிர இன்னும் இரண்டு எண்களை ஆளாளுக்கு மனப்பாடம் செய்தோம். இப்போது தெரியாத எண் அடித்தால் எடுக்கிறேன்.

நேற்று ஒன்று வந்தது. ஏதோ இன்சூரன்ஸ் விற்கும் பெண். வேண்டாம் அம்மா என்று சொல்லி வைக்கப் போனேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “சாப்பிட்டாளான்னு கேளுங்க.”

கேட்டேன். இன்னும் இல்லையாம்.