முழங்கால் போட்டு வாங்கிய போன்

மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. தாராபுரத்துக் குடும்பம், எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள். பையன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். பங்குச் சாமி ஒரு கவரில் போட்டோவும் விவரமும் கொடுத்தனுப்பினார். மகள் பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். ஆனால் கவரை என்னிடம் திருப்பித் தந்தபோது உள்ளே போட்டோ இல்லை. நானும் கேட்கவில்லை. அவள் அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

பையனின் அம்மா என் பழைய பட்டன் போனில் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் போனைக் காதில் வைத்து, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் சத்தம் வரும். நான் மதுக்கரையில் ஒரு சிமெண்ட் கிடங்கில் லோடு பார்க்கிறவன். லாரி இரைச்சலுக்கு நடுவில் அழுத்திக்கொண்டே கேட்டேன்.

"எல்லாஞ் சரிதானுங்க. ஆனா மதுக்கரையில எங்களுக்கு ஆரையுந் தெரியாதுங்க. நாலு பேர்த்த விசாரிக்கோணுமில்லீங்களா? எதுக்கும் அடுத்த ஞாயித்துக்கெழம போயி வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம்..."

அந்த இடத்தில் கட்டைவிரல் வழுக்கிவிட்டது. மிச்சம் லாரியோடு போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் விசாரிப்பு இல்லாமல் கல்யாணம் இல்லை. பெண்ணின் தெருவில் இருக்கிற மளிகைக்கடை, பால்காரர், எதிர்வீடு என்று மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார்கள். அப்பன் குடிப்பானா, வீட்டில் சண்டை உண்டா, பெண் பெரியவர்களை மதிக்குமா என்றெல்லாம் தெரிந்துகொள்வார்கள். விசாரிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் பேச்சு அப்படியே நின்றுபோகும். அவர்கள் வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்க முடியாது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் கல்யாணம், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் எங்களுக்கு விளங்கியது.

"அந்த டப்பாவ நம்பி நான் உக்காந்திருக்க முடியாதுங்கப்பா" என்றாள் மகள். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள், எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவாள். "வீடியோவுல கூப்பிட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

அவள் நம்பரைக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பெண்ணின் நம்பரை முதலிலேயே கொடுப்பது முறையில்லை என்று வீம்பு பிடித்தது நான்தான்.

சனிக்கிழமை மூன்று பேரும் காந்திபுரத்துக்குப் போனோம். கடையில் இருந்த பெண் பெரிய போன்களாக எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு செபப் புத்தகம் அகலத்துக்கு இருந்தது. ஒன்றைச் சட்டைப்பையில் போட்டேன். பாதி வெளியே எட்டிப் பார்த்தது.

"எல்லாரும் இப்ப இதைத்தான் எடுக்கறாங்க அங்கிள்."

"எல்லாரும் கோயிலுக்குப் போறாங்களா கண்ணு?"

அவளுக்குப் புரியவில்லை. வாயால் விளக்க எனக்குத் தெரியாது. கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எப்படி வணங்குவேனோ அப்படியே, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தலை குனிந்தேன். போன் பையிலிருந்து பாய்ந்தது. மகள் அதைப் பிடித்துவிட்டாள். என்னை மட்டும் யாரும் பிடித்துத் தூக்கவில்லை. மூட்டு ஒத்துழைக்காமல் அப்படியே சற்று நேரம் இருந்தேன். பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்தவர் என்னையும் கண்ணாடிப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்திரீங்க. போனைக் கும்புடறாருன்னு நெனைக்கப் போறாங்க" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு போனையும் பையில் போட்டு அப்படித்தான் சோதித்தேன். கடைசியில், எங்கோ உள்ளே கிடந்த ஒரு சின்னப் போனைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். அது பையில் உட்கார்ந்துகொண்டது. முதுகும் சொரசொரவென்று இருந்தது. மற்றதெல்லாம் ஈரச் சோப்பு மாதிரி கையில் நிற்கவில்லை. இதைப் பிடித்தால், பிடித்திருக்கிறோம் என்று கைக்குத் தெரிந்தது.

அடுத்தது பூட்டு. விரலை வைத்தால் திறக்கும் என்றாள். என் விரலை ரேஷன் கடை மெஷினே மதிப்பதில்லை. சிமெண்ட் தின்ற ரேகை. அந்தப் பெண் துணியால் துடைத்து, என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். மனைவி கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிப் பார்த்தாள். போன் என்னை யாரென்றே தெரியாது என்றது.

முகம் காட்டினால் திறக்கும் என்றாள். முகத்தைக் காட்டினேன், திறந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"சும்மா பாத்தாலே தொறந்துக்குதே. செபம் பண்றப்ப ஒரு கண்ணு அந்தப் பக்கம் போனா?"

"அப்ப நம்பர் போட்டுக்கோங்க அங்கிள்."

"இவரு நம்பரை மறந்துபோடுவாரு. எங்க கல்யாண நாளையே மறந்தவரு" என்றாள் மனைவி. இதைச் சொல்ல அவளுக்கு ஒரு போன்கடை வேண்டியிருந்தது.

மிச்சமிருந்தது கோலம். மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள். அதில் விரலால் கோடு இழுக்க வேண்டும். எனக்கு உடனே தோன்றிவிட்டது.

"சிலுவை போட்டுக்கலாமா கண்ணு?"

"விரலை எடுக்காம இழுக்கணுங்க அங்கிள். சிலுவைக்கு ஒரு தடவை எடுக்கணுமே."

அந்தப் பெண் நெற்றியில் திருநீறு வைத்திருந்தாள். ஆனாலும் என் சிலுவைக்காக எங்களைவிட அதிகம் யோசித்தவள் அவள்தான். இடமிருந்து வலமாகக் குறுக்கே ஒரு கோடு. விரலை எடுக்காமல் அங்கிருந்து சாய்வாக உச்சிப் புள்ளிக்கு. உச்சியிலிருந்து நேராகக் கீழே. சிலுவையும் வந்தது, கூடவே ஒரு சாய்ந்த கோடும் வந்தது. அந்தக் கோட்டை, ஆண்டவரை இறக்குவதற்குச் சிலுவையில் சாத்திய ஏணி என்று மனதில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான். போனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன செபம் ஆகிவிடுகிறது. பேசுவதற்கு எடுத்தவன் யாரிடம் பேச வந்தேன் என்று மறந்துபோவதும் உண்டு.

கடையில் சிவப்பு மூடி போட்ட உறை ஒன்று இலவசமாகத் தந்தார்கள். மகள் திரையில் வேளாங்கண்ணி மாதா படத்தை வைத்துக் கொடுத்தாள்.

இத்தனை சிறப்பையும் என்னால் அடக்கி வைத்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருக் கத்தோலிக்கர்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கும். கடையில் முழங்கால் போட்டது முதல் ஏணி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த வாரமே அவரும் அதே கடைக்குப் போய், அதே போனை, அதே சிவப்பு உறையோடு வாங்கி வந்தார். மாதா படத்தையும் என் மகளிடமே கொடுத்துத் திரையில் வைத்துக்கொண்டார். சிலுவையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருவரைப் பக்தியில் வளர்த்துவிட்டோம் என்ற பெருமை எனக்கு.

அது செபமாலை மாதம். தாராபுரத்தார் சொன்ன அந்த ஞாயிறு மாலை தெருமுனை வீட்டில் செபமாலை. நடுவில் போன் அடிக்கக்கூடாது என்பதற்காக எங்கள் அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. சத்தத்தை நிறுத்தி, எல்லாப் போனையும் வாசலில் ஒரு எவர்சில்வர் போசியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாராபுரத்து அழைப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் கடைசி ஆளாகப் போட்டேன். என் போன் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. அதுதான் வினை. அண்ணன் சத்தியமங்கலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர். கடைசி அருள்நிறை மரியே முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து, மேலே கிடந்ததை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

நான் நிதானமாகக் கிளறி, சிவப்பு உறையைக் கண்டெடுத்து, சிலுவை போட்டேன். திறந்தது. மாதா சிரித்தார். சத்தத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டைக் கூட்டித் துடைத்திருந்தார்கள். மகள் விசேஷமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல சுடிதாராகப் போட்டிருந்தாள். போனை மாதா படத்துக்கு முன்னால் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அது அடிக்கவில்லை.

"ஏனுங்க, சத்தம் வெச்சிருக்கறீங்களா?"

"வெச்சாச்சு."

"நான் வேண்ணா ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டுங்களாப்பா?"

"வேண்டாங் கண்ணு. நீ அடிக்கற நேரமாப் பாத்து அவங்க அடிச்சா லைன் கெடைக்காம போயிரும்."

என் புத்திசாலித்தனம் அவ்வளவு. மெழுகுவத்தி பாதி ஆனது. மகள் உள்ளே போய், ஏற்கெனவே இஸ்திரி போட்ட துணிகளை மறுபடி இஸ்திரி போட்டாள். அதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை. மாதாவிடம் சொன்னேன், திருஇருதய ஆண்டவரிடம் சொன்னேன், இயேசுவை வளர்த்த சூசையப்பரிடம் அப்பனுக்கு அப்பனாகச் சொன்னேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். எதுவும் காணாமல் போனதாக எனக்குத் தெரியாததால் அவரை மட்டும் கூப்பிடவில்லை.

கடைசியில் மகள் என் பேச்சைக் கேட்காமல் தன் போனிலிருந்து என் நம்பரை அடித்தாள். ஸ்பீக்கரில் ஒரு குரல் பணிவாகச் சொன்னது: நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.

மூன்று பேரும் மாதா படத்துக்கு முன்னால் கிடந்த போனைப் பார்த்தோம். அது ஊமையாகக் கிடந்தது. மனைவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

மகள்தான் அதை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்த போட்டோக்களைத் தள்ளிப் பார்த்தாள். ஒரே பஸ்ஸாக வந்தது.

"அப்பா, இது உங்க போனே இல்லீங்க. எதிர்ஊட்டுப் பெரியப்பாவோடது."

"ஊருக்கெல்லாம் சாவி குடுத்துப்போட்டு ஊட்டப் பூட்டிட்டு உக்காந்திருக்கறாரு" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை.

திரும்பத் திரும்ப அடித்தோம். வெகுநேரம் அதே பணிவான குரல். பிறகு, பஸ் இரைச்சலைத் தாண்டி அண்ணனின் குரல் வந்தது.

"கண்ணு, நாந்தான். உங்கப்பன் போனு எங்கிட்டத்தான் இருக்குது. நானே கூப்புடலாம்னு பாத்தா, தாராபுரத்து அம்மா வெக்கவே மாட்டேங்கறாங்க."

நான் போனைப் பிடுங்கினேன். "அண்ணா, என்னங்க பேசுனீங்க?"

"நான் அவரில்லீங்க, எதிர்ஊடுன்னேன். அப்ப ரொம்ப நல்லதாப் போச்சுங்கன்னாங்க. விசாரிக்க ஆளில்லாம இருந்தாங்களாம். ஒவ்வொண்ணாக் கேட்டாங்க, சொன்னேன்."

"என்னத்தச் சொன்னீங்க?"

"நீ எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டாங்க. போன் வாங்கற கடையில முழங்கால் போட்ட ஆளுன்னு சொன்னேன்."

"அதைய எதுக்குங்கண்ணா சொன்னீங்க?"

"நீதானப்பா தெருவுக்கே சொன்ன. ஊட்டுல சண்டை உண்டுங்களான்னாங்க. உண்டுங்க, கண்ணாடிய எங்க வெச்சன்னு இவரு கேப்பாரு, தலமேல இருக்குதுன்னு அந்த அம்மணி சொல்லும், அதான் சண்டைன்னேன். சிரிச்சாங்க."

நான் சுவரில் சாய்ந்தேன். மகளும் அவள் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பொண்ணப் பத்தி?"



"எனக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆனப்ப எங்கூட்டுல ஆளில்ல. காத்தாலயும் சாயங்காலமும் வந்து சொட்டு மருந்து ஊத்துன புள்ளைங்கன்னு சொன்னேன். வேலை முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டறதுக்கு முந்தி எங்கூட்டுக்குத்தான் வரும்.  அந்தம்மா அதையத் திரும்பவும் ஒருக்கா கேட்டுக்கிட்டாங்க. பொறவு, வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாரமுங்கன்னு சொல்லச் சொன்னாங்க. காப்பி போதுமாம், பலகாரம் பண்ண வேண்டாமாம்."

மகள் உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

அண்ணன் ஊர் திரும்பியதும் போன்கள் கைமாறின. மனைவி என் போனின் முதுகில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். கோலத்தை மாற்றச் சொன்னாள் மகள். நான் மாற்றவில்லை.

சொன்னபடியே வந்தார்கள். பையன் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அவன் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்துப் பையனைக் கூப்பிட்டு, "எதிர்ஊட்டு முன்னால நிறுத்திக்க கண்ணு, அவங்க நமக்கு வேண்டியவங்க" என்றார். அது ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மாதா படத்தைப் பார்த்தேன்.

"எங்கீங்க, எதிர்ஊட்டுக்காரரு சொன்ன அந்தச் சிலுவையப் போனுல போட்டுக் காட்டுங்க" என்றார் அவர்.

போட்டேன். அவசரத்தில் ஏணி எங்கோ போய்விட்டது. திறக்கவில்லை. மறுபடி போட்டேன். வேர்த்து வழுக்கியது. இன்னும் மூன்று தரம் போட்டதும், சிறிது நேரம் கழித்து வரச்சொல்லிவிட்டது போன். எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"இருக்கட்டுங்க, அவசரமில்லீங்க" என்றார் அவர். "இனி நேருலயே பேசிக்கலாமுங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டேன். மகள் காப்பித் தட்டோடு வந்து என் முன்னால் நின்றாள்.  நான் நன்றாகக் குனிந்து ஒரு டம்ளரை எடுத்தேன். போன் விழவில்லை. அந்த ஒரு விஷயத்தையாவது நான் சரியாகப் பார்த்து வாங்கியிருந்தேன்.