குமாரி அக்கா மொட்டையடித்த செம்பருத்தி

குமாரி அக்கா போய்விட்டார். இன்று காலை, திருப்பதியில். பழைய ஹவுஸ் ஓனர் போன் பண்ணிச் சொன்னார்... நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

இங்கே இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவர் கைவேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். லைக் கூடப் போட்டிருக்கிறீர்கள்.

போன ஆடியில் நான் போட்ட அடுக்குச் செம்பருத்தி போட்டோ ஞாபகம் இருக்கிறதா? ஒரே தொட்டியில் பதினேழு பூ. மேலே "எல்லாம் என் கைராசி" என்று எழுதி, கைகூப்பும் எமோஜி வேறு.

அது பொய்.

அலிபிரி ரோட்டுப் பக்கம் ஒரே வீட்டில் நான் மாடியில், அக்கா கீழே. ஆறு வருஷம். அவருக்கு மலைமேல் கல்யாண கட்டாவில் வேலை, மொட்டை போட வருகிற பெண்களுக்கு முடி எடுப்பார்.

திருமலையில் பெண்கள் பூ வைக்க மாட்டார்கள், அங்கே பூவெல்லாம் சாமிக்கு. அதனால் டியூட்டி முடிந்து கீழே வந்ததும் நேராக என் மாடிக்குத்தான் வருவார். "டிபன் துன்னியா டீச்சரம்மா? ஒரு பூ குடு." கொண்டையில் சொருகிக்கொண்டு கண்ணாடி கூடப் பார்க்காமல் இறங்கிப் போவார்.

ஒருநாள் கேட்டேன், "மொட்டை போடும்போது பொம்பளைங்க அழுவ மாட்டாங்களாக்கா?"

"சில பேரு அழுவாங்க. கத்திய கையில வச்சிக்கினு நானும் அழ முடியுமா? முடிதானேம்மா, வரும்னு சொல்லிக்கினே வழிச்சிருவேன்."

மகள் பிரசவத்துக்காக ரெண்டு மாதம் பெங்களூர் போனேன். "பர்லேது, பரவால்ல டீச்சரம்மா, நீ போய்ட்டு வா, செடிய நான் பாத்துக்கிறேன்" என்று அவரே செம்பருத்தித் தொட்டியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

கிளம்பும்போதே நுனிக் கொழுந்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. மாவுப்பூச்சி. பார்த்தும் பார்க்காத மாதிரி போனவள் நான்.

திரும்பி வந்தால்... செடியே இல்லை. என் தோள் உயரம் இருந்தது, முழங்கால் உயரத்துக்கு நாலு குச்சியாக நின்றது. ஒரு இலை கிடையாது.

ஒவ்வொரு குச்சி நுனியிலும் மஞ்சள் குழைத்து அப்பியிருந்தது. மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுவார்களே, அதே மாதிரி. கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்துவிட்டேன்.

"பூச்சி எல்லா கொம்புலயும் ஏறிக்கிச்சி டீச்சரம்மா, அதான் வெட்டிக் கொளுத்திட்டேன். வேரு நல்லாத்தான்..." முடிக்க விடவில்லை நான்.

"மலைமேல ஊரு ஜனத்துக்கெல்லாம் செரைக்கிறது பத்தலையா? என் செடிக்கும் செரைக்கணுமா?"

வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர் சிரித்தார்.

கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறவில்லை. எங்கே குத்தும் என்று தெரிந்துதான் அந்த வார்த்தையை எடுத்தேன். தொழிலைச் சொன்னேன், அதோடு சாதியையும் சொன்னேன். நான் ஒரு டீச்சர்... கிளாஸில் ஒரு பிள்ளை இப்படிப் பேசியிருந்தால் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன்.

அக்கா கத்தவில்லை. தொட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "முடிதானே டீச்சரம்மா... வரும்." உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பூ கேட்டு மாடி ஏறவில்லை. அடுத்த மாதம் எனக்குச் சித்தூருக்கு டிரான்ஸ்ஃபர். சாமான் ஏற்றும்போது ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வண்டி ஏறினேன்.

சித்தூரில் நர்சரிக்காரர் ஒருவர் உரம் கொடுக்க வந்து, நான் கூடவே கொண்டுவந்திருந்த அந்தத் தொட்டியின் குச்சிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு மேடம் வெட்டினது? கரெக்டா கணுவுக்கு மேல சாய்வா வெட்டிக்கீறாங்க. மஞ்சா வச்சதால நுனி அழுகல. இல்லன்னா இந்தச் செடி போயிருக்கும்."

"நான்தான்" என்றேன்.

ஆமாம். அப்படித்தான் சொன்னேன்.

ஆடியில் பூத்தது. போட்டோ போட்டேன், கைராசி என்று எழுதினேன். முதல் கமெண்ட் குமாரி அக்காவுடையது. அவருக்கு டைப் பண்ண வராது, போனில் வாயால் சொல்லிப் போட்டிருப்பார்.

நீங்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அஞ்சே நிமிஷத்தில் டெலீட் பண்ணிவிட்டேன். யாராவது என்ன ஏது என்று கேட்டால் முழுக் கதையும் வெளியே வந்துவிடுமே...

அவர் மறுபடி எதுவும் போடவில்லை. ஏன் எடுத்தாய் என்று போன் பண்ணிக் கேட்கவும் இல்லை. லீவில் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். தசரா லீவு போச்சு. சங்கராந்தி லீவும் போச்சு.

இப்போது திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் டிபன் பாக்ஸ், உள்ளே ஒரே ஒரு பூ.

அந்த ஆடி போட்டோவை நீக்கப் போவதில்லை. "என் கைராசி" என்ற இடத்தில் "குமாரி அக்கா கைராசி" என்று மாற்றிவிட்டேன். நான் அழித்த கமெண்ட்டையும் இங்கே திருப்பிப் போடுகிறேன். ஒரு எழுத்து மறக்கவில்லை.

"பாத்தியா டீச்சரம்மா, முடி வந்துடிச்சி."

வந்துடிச்சிக்கா. பூ எடுத்துக்கினு வரேன்.