எமிலி சேச்சி கடையில் சுஜாவுக்கு எடுத்த வெஸ்ட்

எமிலி சேச்சி போயிட்டாங்க.

காலையில என் கடை ஷட்டரைப் பாதி தூக்கினப்போ சுஜா போன். "மாமா… சேச்சி…" ஷட்டர் இன்னும் பாதியிலேயே நிக்குது. உள்ள உக்காந்து இதை டைப் பண்றேன்.

கோவளத்துல பீச்சுக்கு இறங்குற ரோட்டுல டைவிங் சாமான் கடை வச்சிருந்தவங்க. அதுக்கு முன்னாடி நீச்சல் கோச். அவங்க சத்தம் போட்டா அலை ரெண்டடி பின்னால போகும். நான் நேர்ல பார்த்திருக்கேன்.

சுஜா என் அக்கா மகள். ரெண்டாயிரத்து மூணோ நாலோ… காலேஜ் முடிச்ச கையோட ஸ்கூபா படிக்கணும்னு ஒரே நிலையா நின்னா. நம்ம கடை இருக்கிற சாலை மார்க்கெட் தமிழ்க் குடும்பங்கள்ல சிலிண்டர் மாட்டிட்டுக் கடலுக்குள்ள போன முதல் பொண்ணு. இந்தியாவுக்கே முதலா இருக்கும், யாரும் விசாரிக்கல.

எல்லாம் பாஸ். கடைசி கடல் டைவ்ல திருப்பி அனுப்பிட்டாங்க.

காரணம் வெஸ்ட். காத்து அடிச்சு மிதக்குற சட்டை அது, சிலிண்டரையும் அதுலதான் மாட்டணும். வாடகைக்கு இருந்ததெல்லாம் ஆறடி வெள்ளைக்கார சாயிப்பு உடம்புக்குத் தைச்சது. காத்து ஏறினதும் இவ காது வரைக்கும் வந்து நின்னுச்சு, தலையைத் திருப்ப முடியல.

"அளவான வெஸ்ட்டோட ஞாயித்துக்கிழமை வா. இல்லேன்னா சர்ட்டிபிகேட் கிடையாது"ன்னு டைவிங் மாஸ்டர் சொல்லிட்டார். வீட்ல அத்தான் அதுக்குள்ள மாப்பிள்ளை ஜாதகத்தை டேபிள்ல விரிச்சாச்சு.

அக்கா என்னைப் பார்த்தா. பின்ன? ஸ்கூல் யூனிஃபார்ம் கடைக்காரன் ஆக்கும் நான். பிள்ளை தெருமுனையில வரும்போதே அளவு சொல்லிடுவேன். டெய்லர்மாரு என்கிட்டதான் டவுட் கேப்பாங்க.

சேச்சி கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும்… எப்பவும் ஒரு சைஸ் கூட. உள்ள மடிச்சுத் தைச்சு விட்டா வருஷா வருஷம் பிரிச்சுக்கலாம். இருந்ததுலேயே பெருசைக் கையில எடுத்தேன்.

"இது எடு மக்கா. கல்யாணம் கழிஞ்சு உடம்பு வச்சாலும் போடலாம்."

"மாமா, இது என்ன பாவாடையா, பிரிச்சு விட?"

சேச்சி கல்லாவுல இருந்து எழுந்தாங்க. "எடோ அண்ணாச்சி, பிள்ளை கடலுக்குப் போகுதா, அஞ்சாம் கிளாசுக்குப் போகுதா?"

முதல்ல சுடிதாரை மாத்தி ரப்பர் சூட் போட்டுட்டு வரச் சொன்னாங்க. அது மேல போட்டாத்தான் அளவு தெரியுமாம். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரிய வெஸ்ட்டை மாட்டி, பெல்ட் கட்டி, புஸ்ஸுன்னு காத்து ஏத்தினாங்க. "அண்ணாச்சி, தோள் பட்டையைப் பிடிச்சுத் தூக்கும்."

தூக்கினேன். வெஸ்ட் மேல வந்துச்சு. சுஜா கீழயே நிக்கிறா. முகத்தைக் காணோம்.

உள்ளருந்து குரல் மட்டும் வருது… "இதான் மாமா உங்க அளவு!"

சேச்சி சிரிச்ச சிரிப்புல எதிர்க்கடை இளநிக்காரர் அரிவாளோட ஓடி வந்துட்டார்.

அடுத்தது ஆம்பளைங்க சின்ன சைஸ். நெஞ்சுல அமுக்குச்சு, கீழ இடுப்புல இடிச்சுச்சு. "வேணாம் மோளே, கழட்டு. இது தம்பிமாருக்குள்ளது."

அப்புறம் பரண்ல இருந்து ஒண்ணு இறக்கினாங்க. லேடீஸ் வெஸ்ட். முதுகு நீளம் குறைவு, பட்டை நெஞ்சை அமுக்காம ஓரமா வளைஞ்சு போகுது. அதான் சரின்னு எனக்குப் பார்த்ததுமே தட்டுச்சு கேட்டோ.

முழுக்கக் காத்து ஏத்திட்டு சேச்சி சொன்னாங்க, "மூச்சு முட்டுதான்னு பார்க்கணும். உன் மாமனை நல்லா நாலு திட்டு திட்டு. நடுவுல நிறுத்தக் கூடாது."

நிறுத்துவாளா! நான் அவளைத் திருவிழா பார்க்கக் கூட்டிட்டுப் போய்த் தொலைச்சதுல ஆரம்பிச்சு, அவ பத்தாம் கிளாஸ் மார்க்கை நான் ஊர் பூரா கூட்டிச் சொன்னது வரைக்கும் வந்துட்டா. மூச்சு கொஞ்சமும் முட்டல.

"பாஸ்"ன்னாங்க சேச்சி. "இப்போ தூக்கும்."

ஒத்தைக் கையால தூக்கினேன். நம்ம கை அப்படி.

"எடோ! ரெண்டு கையும் போடு! பொம்மையா அது?"

ரெண்டு கையும் போட்டேன். வெஸ்ட் அசையல… சுஜாவே மேல வந்தா! கால் ரெண்டும் தரையை விட்டுச்சு. அந்தரத்துல நின்னு கைதட்டுறா பிள்ளை.

ஞாயித்துக்கிழமை குடும்பமே கரையில. சேச்சியும் கடையை அடைச்சுட்டு வந்து நின்னாங்க. போட்ல இருந்து இவ குதிச்சதும் அத்தான் என் கையைப் பிடிச்சவர், விடவே இல்ல.

ரொம்ப நேரம் ஒண்ணும் காணோம். அப்புறம் தூரத்துல ஒரு தலை. வெஸ்ட் காதுக்கு ஏறல, போட்ட மாதிரியே உடம்போட இருக்கு. சுஜா உள்ளங்கையை உச்சந்தலையில வச்சுக் காட்டுறா.

"ஐயோ, தலைவலியா பிள்ளைக்கு?"ன்னு அத்தான்.

"அப்படின்னா ஓகேன்னு அர்த்தம் அத்தான்"னு நான்தான் எக்ஸ்பிளெயின் பண்ணினேன். சேச்சிக்குச் சொல்ல வாய்ப்பே கொடுக்கல.

அன்னைக்கு ராத்திரி ஜாதகம் பீரோவுக்குத் திரும்பப் போயிடுச்சு. அவளுக்குத் தோணினப்போ அவளே எடுத்துக் கொடுத்தா, அது வேற கதை.

அதுக்கப்புறம் நான் எப்போ கோவளம் போனாலும், தெருவே கேக்குற மாதிரி சேச்சி சத்தம் போடுவாங்க. "தூக்குற ஆள் வந்தாச்சு!" உள்ள ஏதாவது ஒரு பிள்ளை வெஸ்ட் மாட்டிட்டு நிக்கும். நான் போய்த் தூக்குவேன். எத்தனை பேரைத் தூக்கியிருப்பேன்… பாதி நேவியையே தூக்கியிருப்பேன்.

நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். சேச்சி வீட்ல இருந்து சர்ச்சுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும்னு சுஜா சொன்னா.

நான் வரேன்னு சொல்லிட்டேன்.

சேச்சி… தூக்குற ஆள் வரேன். ரெண்டு கையும் போட்டு.