றுக்கியா இறுக்கிய சில்லு

கிண்ணியாப் பாதையடியில், பட்டணத்துப் பக்கக் கரையில், றுக்கியாவின் பிளேன்டீயைக் குடிக்காமல் எந்த லொறியும் கடல்வாயைக் கடந்ததில்லை. வண்டிகளைச் சுமந்து அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். பாதை வரும்வரை றைவர்மார் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்க, றுக்கியா முந்தானையை இடுப்பில் செருகி, வீல் ஸ்பனரோடு வண்டியைச் சுற்றி வந்து சில்லு நட்டுகளைச் சோதிப்பாள். அவள் இறுக்கிய நட்டு பூமி பிளந்தாலும் அசையாதாம். கழற்ற வேண்டியவன் கை வைத்தாலோ பூப்போலக் கழன்று வருமாம்.

இந்தக் கைப்பழக்கம் அவளுக்கு அன்பால் வந்ததல்ல. வன்மத்தால் வந்தது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு அவள் புருஷன் ஜவாஹிர் அரிசி லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் பட்டணத்தில் அபூதாஹிர் முதலாளியின் கராஜில் முன்சில்லு மாற்ற நிறுத்தினான். வேலை தெரிந்த மெக்கானிக் பாஸ் சோறு தின்னப் போயிருந்தார். புடவைக் கடையை விற்றுக் கராஜை வாங்கியிருந்த முதலாளி தானே சட்டைக் கையை மடித்தார்.

"லொறிய இறக்கினாப் பிறகு இன்னொருக்கா இறுக்குங்க முதலாளி" என்றான் ஜவாஹிர்.

"எனக்குப் படிப்பிக்க வந்தியா? எடுத்துப் போ!"

நாலு மைலில் சில்லு கழன்றது. அது லொறியை முந்தி, கடற்படை ஜீப் ஒன்றையும் முந்தி, சீனன்குடாச் சந்தியில் முறையாக வளைந்து திரும்பி, குடாவுக்குள் இறங்கி நீந்திப் போனதைக் கண்ணால் கண்ட ஏழு பேர் இருந்தார்கள். லொறி பள்ளத்தில் விழுந்தது. ஜவாஹிரின் வலது கால் முழங்காலோடு போனது.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் ஏழு பேரும் விசாரித்தபோது அபூதாஹிர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "சில்ல நானே இறுக்கினனான். அவன்தான் நித்திரையில வண்டியப் பள்ளத்துல விட்டான்." சில்லைக் கண்டவர்கள் என்ன சொன்னாலும், முதலாளி சொன்னால்தான் ஊர் நம்பும். அன்றிலிருந்து ஜவாஹிருக்குப் பெயர் நித்திரை றைவர். பள்ளியில் கடைசி வரிசைக்குப் போனவன், பிறகு வீட்டிலேயே தொழத் தொடங்கினான்.

றுக்கியா கண்ணீர் விடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "இஞ்சருங்க, அந்த மனுஷன் எப்படி இறுக்கினவர்?"

"சில்லு அந்தரத்துல நிக்க, ஒரு நட்ட முழுசா இறுக்கிட்டு, பக்கத்து நட்டுக்குப் போனார். அப்படியே சுத்தி வந்தார். சில்லு சரிஞ்சு குந்தும் புள்ள. முதல் நட்டு இறுகின மாதிரிப் பொய் சொல்லும். நிலத்துல இறங்கினா இளகிப்போயிரும்."

அவள் பாதையடியில் கடை போட்டாள். ஒன்பது வருஷம் அபூதாஹிருக்காகக் காத்திருந்தாள்.

அவர் வந்தார், மகனை மாப்பிள்ளையாக்கி மூதூருக்குக் கூட்டிக்கொண்டு, புதுக் காரில். பெண்ணின் மாமா கலீலுர் றஹ்மான் அழைத்துப் போக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். இந்தப் பாதையை விட்டால் நேரம் தப்பிவிடும். கார் றுக்கியாவின் கடைக்கு நேரே வந்து, புஸ்ஸென்று குந்தியது. ரயரில் கூரைத் தகரத்துக்கு அடிக்கிற தொப்பி ஆணி. றுக்கியா அந்த வாரம்தான் கூரை மாற்றியிருந்தாள். அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"தங்கச்சி, ஸ்பனர் ஒண்டு தாங்க."

"கொண்டுபோங்க முதலாளி. சில்லு இறுக்கிறதில உங்களப்போல ஆள் ஆரு!"

வரிசையில் நின்ற அத்தனை றைவர்மாரும் பார்க்க, அபூதாஹிர் காரை உயர்த்தி மாற்றுச் சில்லைப் பூட்டி, அதே முறையில் சுற்றி வந்து இறுக்கினார். கடைசியில் ஸ்பனரில் ஏறிக் குதித்தும் பார்த்தார். காரை இறக்கிவிட்டுக் கையைத் தட்டினார்.

றுக்கியா குனிந்தாள். முதல் நட்டைச் சின்ன விரலாலும் பெருவிரலாலும் பிடித்தாள். நட்டுச் சுழன்றது.

கலீலுர் றஹ்மான் கதவைத் திறந்து இறங்கினார். "வல்லாஹி, இந்தச் சில்லுல நானும் ஏற மாட்டன், மாப்பிள்ளையையும் ஏத்த மாட்டன்."

பாதை கரையைத் தொட்டது. றுக்கியா ஸ்பனரை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஜவாஹிர்.

"நான் இறுக்கித் தாறன் முதலாளி. அஞ்சு நட்டு. ஒரு நட்டுக்கு ஒரு உண்ம. இஞ்ச நிக்கிற எல்லாருக்கும் கேக்கச் சொல்லோணும்."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"அப்ப அடுத்த பாதைக்கு இருங்க. பிளேன்டீ தாறன், சீனி போடாம."

முதலாளி பாதையைப் பார்த்தார், பெண்ணின் மாமாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அவள் எல்லா நட்டையும் இளக்கி, காரை மறுபடி உயர்த்தி, ஐந்தையும் விரலால் ஓடவிட்டு, சில்லு நேராகக் குந்தும்வரை எதிரெதிராகப் பிடித்தாள். காரை இறக்கினாள். பிறகு முதல் நட்டில் ஸ்பனரை மாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த லொறிச் சில்லு கழண்டது நான் இறுக்கினதாலதான்" என்றார் அபூதாஹிர், தன் செருப்பிடம்.

"செருப்புக்குக் காது இல்ல முதலாளி."

அவர் உரத்துச் சொன்னார். நட்டு இறுகியது. அவள் பக்கத்து நட்டைத் தாண்டி, நட்சத்திரம் கீறுவதுபோல எதிர்ப்பக்கம் போனாள்.

"எனக்கு இறுக்கத் தெரியாது."

மூன்றாவது. "அவன் இன்னொருக்கா இறுக்கச் சொன்னவன். நான் கேக்கல்ல."

நாலாவது. "ஜவாஹிர் நித்திரை கொள்ளல்ல."

ஐந்தாவது நட்டில் அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார். பாதைக்காரன் சங்கை ஊதினான். ஜவாஹிர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றான்.

"பள்ளியில பொய் சொன்னது நான்."

றுக்கியா கடைசி இறுக்கு இறுக்கி ஸ்பனரைத் துடைத்தாள். கார் அசையும்போது கண்ணாடிப் பக்கம் குனிந்தாள்.

"புதுசா மாட்டின சில்லு கொஞ்ச மைல் ஓடினா இன்னொருக்கா இறுக்கத்தான் வேணும் முதலாளி. நாளைக்குத் திரும்பி வரக்குள்ள நிப்பாட்டுங்க. அப்பவும் அஞ்சு நட்டுத்தான்."

மறுநாள் பாதை வந்தபோது, கடை வாங்குகளில் றுக்கியா வரவழைத்த மரைக்காயர்மார் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவன் ஜவாஹிர்.